கனகராஜுக்கு இரண்டு வாரமாக இருமல்

மே 5, திங்கள்

ஆழ்ந்த துயரத்துடன் அறிவிக்கப்படுவது: எங்கள் வீட்டு மாவு கிரைண்டரின் ரப்பர் பெல்ட் இன்று காலை ஆறு நாற்பதுக்கு, உளுந்து பாதி அரைந்திருந்த நிலையில், அறுந்து காலமானது. அன்னாருக்கு வயது நான்கு. அன்னாரின் பிரிவால் ஊறிக் கிடக்கும் அரிசியும், மாவு வாங்கத் தூக்குவாளியோடு வாசலில் நின்ற ஒன்பது பெண்களும் தவிக்கிறார்கள். அவர்களைவிட அதிகமாக அம்மா கத்துகிறார். இறுதிச் சடங்கு சூசை மாமா கடையில்.

செத்த பெல்ட்டைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு போனேன். சூசை மாமா என் கூட்டாளி ரீகனின் அப்பா. கிரைண்டர், மிக்ஸி, ஃபேன் எல்லாம் சரி செய்வார். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது, இருமல்தான் பெயர்ப்பலகை. தெருமுனை திரும்பும்போதே கடை திறந்திருக்கிறதா இல்லையா என்று காது சொல்லிவிடும்.

அந்த இருமலை நான் மாசி மாதத்திலிருந்து ஆராய்ந்து வருகிறேன். முதலில் சின்னதாக இரண்டு, கதவைத் தட்டுவது போல. உடனே வலது கை போய் இடது விலாவை அழுத்திக்கொள்ளும், இடது கை சுவரைத் தேடும். அதற்கப்புறம்தான் பெரியது, கதவே பெயர்ந்து விழுவது போல. முடிந்ததும் துண்டால் வாயைத் துடைத்து, துண்டை ஒரு தடவை பார்த்துவிட்டு மடித்துக்கொள்வார். அந்தக் கடைசிப் பார்வைதான் கலை. பள்ளிக்கூடத்தின் கடைசி நாட்களில் நான் அதைச் செய்து காட்டினால் கைதட்டல் அடங்க நேரமாகும், இப்போது வீட்டு வாசல்தான் மேடை. ரீகன் இருக்கும்போது மட்டும் செய்வதில்லை. கலைஞனுக்கும் எல்லை உண்டு.

புது பெல்ட் மாட்டியாயிற்று. உளுந்து பிழைத்தது.

மே 7, புதன்

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. ப்ளஸ் டூ முடித்த இரண்டே மாதத்தில்! ஊரே, எழுந்து நில்.

நடந்தது இதுதான். மாவு வாங்க வந்த பிள்ளைகளுக்கு நான் சூசை மாமா இருமலை நடத்திக் காட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு குரல்.

"தம்பி, எத்தனை நாளா இந்த இருமல்?"

கண்ணாடி போட்ட ஒரு மேடம். முகம் வெளுத்துவிட்டது. அம்மாவைப் பார்த்துச் சத்தம் போட்டார்: "என்னம்மா நீங்க! பிள்ளை இப்படி இருமுறான், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகாம மாவு வித்துக்கிட்டு இருக்கீங்க?"

அம்மா கரண்டியை ஆட்டியபடி, "ஏ மேடம், அவன் நடிக்கான். பரீட்சைக்குப் பரீட்சை எனக்கு இதே படந்தான்" என்றார்.

மேடம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பதினெட்டு ஆச்சா?"

மேடம் பெயர் ஜெசிந்தா. ஒரு ஆய்வுக்காக எங்கள் ஊருக்கு வந்திருக்கிறார். இருமலோடு போகிற ஒருவனுக்கு ஒவ்வொரு இடத்திலும் எப்படிப்பட்ட வைத்தியம் கிடைக்கிறது என்று பார்ப்பதுதான் ஆய்வு. டாக்டரிடமே கேட்டால், "பிரமாதமா பாக்கேன்" என்றுதான் சொல்வார். அதனால் நோயே இல்லாத ஒருவனை நோயாளி வேஷம் போட்டு அனுப்புகிறார்கள். "ஆறு மாசத்துக்குள்ள எப்பவாவது ஒரு ஆள் வருவார், யாருன்னு சொல்ல மாட்டோம்" என்று எல்லா இடத்துக்கும் முன்னாலேயே கடிதம் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கியாயிற்று. ஏமாற்றப்படுவதற்குச் சம்மதம் தெரிவித்துக் கையெழுத்துப் போட்ட மனிதர்கள்! என் கனவு உலகம் இதுதான்.

நாட்டில் போலி டாக்டர்களைப் பிடித்து உள்ளே போடுகிறார்கள். போலி நோயாளிக்குச் சான்றிதழ் கொடுக்கிறார்களாம்.

மே 9, வெள்ளி

பயிற்சி. இனி என் பெயர் பேச்சிமுத்து இல்லை. கனகராஜ், வயது இருபது, உப்பளத்தில் வேலை. மனப்பாடம் செய்ய வேண்டியது: இரண்டு வாரமாக இருமல், சாயங்காலமானால் காய்ச்சல், சோறு இறங்கவில்லை. காசநோய் இருக்கலாம் என்று யாரும் சந்தேகப்பட வேண்டிய கதை. சந்தேகம் வந்தால் சளிப் பரிசோதனைக்குச் சொல்ல வேண்டும். சொல்கிறார்களா என்பதுதான் முக்கியமான கேள்வி.

விதிகள்: கேட்டால்தான் சொல்ல வேண்டும். ஊசி போட வந்தால் சாக்குச் சொல்லித் தப்பிக்க வேண்டும். மருந்தை விழுங்கக் கூடாது, உறையில் போட்டுக் கொண்டுவர வேண்டும். வெளியே வந்த ஒரு மணி நேரத்துக்குள் படிவம் நிரப்ப வேண்டும். மொத்தம் இருபது மதிப்பெண். கடைசிக் கேள்வி, பதினான்காவது: "நடிகர் கண்டுபிடிக்கப்பட்டாரா?"

"கண்டுபிடிச்சிட்டா?" என்று கேட்டேன்.

"அந்தப் படிவம் செல்லாது. ஒளிக்காம எழுதணும். அதுல வெட்கமில்ல."

வெட்கமில்லையாம். என்னைப் பார்த்தா சொல்கிறார்? பதினொரு இடம். பதினொன்றிலும் மாட்ட மாட்டேன் என்று அம்மாவின் கிரைண்டர் மேல் அடித்துச் சத்தியம் செய்தேன்.

மே 13, செவ்வாய்

ஐந்து இடம் முடிந்தது. எவருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஒன்றாம் எண்: உள்ளே போய் வெளியே வர ஒரு நிமிடம் நாற்பது வினாடி. "காய்ச்சல் இருக்கா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஐந்து மருந்து எழுதி முடித்துவிட்டார். மூன்றாம் எண்: ஏசி, மீன் தொட்டி. டாக்டர் யாரோடோ போனில் பேசியபடி என் சட்டைப் பொத்தான் மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். பொத்தான் நலமாக இருக்கிறது. நான்காம் எண்: ஊசியோடு துரத்தினார்கள். வீட்டில் கேட்டு வருகிறேன் என்று செருப்பை விட்டுவிட்டு ஓடிவந்தேன். ஐந்தாம் எண் மட்டும் விதிவிலக்கு. ஒரு சின்ன வயது டாக்டரம்மா, பொறுமையாகக் கேட்டு, சளிப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். எனக்கே கொஞ்சம் நோய் வந்திருக்கலாமோ என்று தோன்றியது.

ஒரே இருமலுக்கு இதுவரை இருபத்து மூன்று மாத்திரை, நான்கு பாட்டில் சிரப். ஜெசிந்தா மேடம் உறைகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "பை நிறைய மருந்து கொடுத்தா நல்ல டாக்டர்னு ஜனங்க நினைக்காங்க. நாலு கேள்வி கேக்கிறவர விட்டுட்டு நாப்பது மாத்திரை தர்றவருகிட்ட போறாங்க. எதுல பிரயோஜனம் இருக்குன்னு யாராவது கணக்கெடுத்துப் பாக்கணும்ல?"

அந்த யாராவது நான்தான்.

மே 16, வெள்ளி

ஏழாம் எண். உப்பளம் தாண்டி, பஸ் திரும்பும் இடத்தில் ஒரு அரசு சுகாதார நிலையம். டாக்டர் முகாமுக்குப் போயிருந்தார். காசநோய்ப் பிரிவில் தங்கபுஷ்பம் என்று ஒரு அக்கா மட்டும் இருந்தார். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து, வெளியே போய் அடி நெஞ்சிலிருந்து காறித் துப்பி வரச் சொன்னார். சளி இல்லாத எனக்குச் சலிப்புதான் வந்தது. எச்சிலை நிரப்பினேன். "இது எச்சில்" என்றார். மற்றபடி குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை.

போன் நம்பர் கேட்டார். ஒரு குறும்புக்கு ரீகன் நம்பரைக் கொடுத்தேன். ஹா ஹா.

மதிப்பெண்: இருபதுக்கு ஐந்து. கண்டுபிடிக்கப்பட்டாரா? இல்லை. (பேனா மக்கர் செய்ததால் அந்த 'இல்லை'யை இரண்டு தடவை எழுத வேண்டியதாயிற்று.)

மதியம் சாளை மீன் குழம்பு. சாப்பிடவில்லை. வெயில்.

மே 20, செவ்வாய்

ரீகன் புலம்பல். "எவளோ ஒரு அக்காடா. நாலு நாளா போன். எடுத்தவுடனே இருமல், இருமல்னு கேக்கா. ராங் நம்பர்னு வச்சிட்டேன். திரும்பத் திரும்ப வருது."

"ரிங்டோன மாத்திப் பாரு. இருமல வச்சுக்க" என்றேன். அவன் சிரிக்கவில்லை. கடைக்குள்ளிருந்து கதவு தட்டுகிற சத்தம் இரண்டு கேட்டது. நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். மூன்றாவதற்கு நிற்கவில்லை.

எட்டாம் எண், ஒன்பதாம் எண்: வெற்றி, வெற்றி.

மே 24, சனி

இன்று ஒரு நகைச்சுவைக் காட்சி. அரசு ஊழியர் ஒருவர் மே மாத வெயிலில், இல்லாத கனகராஜைத் தேடி மொபெட்டில் ஊர் சுற்றுகிறார்!

பன்னிரண்டு மணி இருக்கும். வாசலில் மொபெட் சத்தம். எட்டிப் பார்த்தால் தங்கபுஷ்பம் அக்கா. நான் உளுந்து டிரம்முக்குப் பின்னால் பதுங்கினேன்.

அம்மா தண்ணீர் கொடுத்தார். "யாரத் தேடுதீய?"

"இருமுற ஆளத் தேடுதேன்க்கா. ஒரு நம்பர் கெடைச்சுது. பேசுனா வச்சிருதாங்க. ஆனா பின்னால கிரைண்டர் ஓடுற சத்தம் கேட்டுச்சு. அதான் கிரைண்டர் உள்ள இடமாப் பாத்துக்கிட்டு வாறேன். இது நாலாவது மாவுக் கடை."

"எங்க வீட்ல யாரும் இருமல. இருமுறவன் நடிக்கவன்தான்" என்று அம்மா சிரித்தார். பிறகு யோசித்தபடி, "கிரைண்டர்னு சொன்னீயளா? அப்ப நம்ம சூ..."

அந்த நேரம் பார்த்து உளுந்து டப்பா அலமாரியிலிருந்து விழுந்தது. தானாகவே. வீடு முழுக்க உளுந்து. அம்மா கத்திய கத்தில் அக்கா பேச்சை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். சாயங்காலம் வரை நான் குனிந்து உளுந்து பொறுக்கினேன். வெயில் நாளில் உளுந்து டப்பாக்கள் இப்படித்தான் விழும் போல.

மே 27, செவ்வாய்

பதினொன்றுக்குப் பதினொன்று! ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு கம்பவுண்டர், ஒரு வாட்ச்மேன்கூட என்னைக் கண்டுபிடிக்கவில்லை. உலக வரலாற்றில் நோயில்லாமல் இத்தனை மருந்து சம்பாதித்தவன் இல்லை.

ஜெசிந்தா மேடம் சொன்னார்: "பேச்சி, இந்த மாதிரி ஒருத்தன் எனக்குக் கிடைச்சதே இல்ல." தலையைத் தடவிக்கொண்டேன். பிறகு காகிதத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "ஏழாம் எண் தான் கடைசி. நான் அங்க நல்லா இருக்கும்னு நினைச்சேன். ஜூன் ஆறு கூட்டத்துல அதிகாரிங்க முன்னால வாசிக்கணும். பாவம், அங்க இருக்கிற பொண்ணுக்கு நல்லா திட்டு விழும்."

"டாக்டர் இல்ல மேடம், அதான்" என்றேன். மேடம் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எனக்குத் திடீரென்று அரிசி ஊறப்போட வேண்டியது ஞாபகம் வந்தது.

மே 29, வியாழன்

சூசை மாமா கடை மூன்று நாளாகத் திறக்கவில்லை. தெருமுனை அமைதியாக இருக்கிறது. கிரைண்டர் பெல்ட் கீச்சிடுகிறது, யாரிடம் காட்டுவது என்று அம்மா கேட்கிறார்.

மே 30, வெள்ளி

ரீகன் வந்தான். அப்பா துண்டில் ரத்தம் என்றான். "ரொம்ப நாளாவே இருந்திருக்கும்போல. மடிச்சு மடிச்சு மறைச்சு வச்சிருக்காருல."

இன்று எழுத வேறு ஒன்றும் இல்லை.

ஜூன் 2, திங்கள்

சனிக்கிழமை காலை பஸ் ஏறி ஏழாம் எண்ணுக்குப் போனேன். கனகராஜாக இல்லை, நானாகவே.

தங்கபுஷ்பம் அக்கா சோற்று டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மூடினார்.

"வந்துட்டியா. இருமலுக்குச் சொந்தக்காரர எங்க?"

இந்தக் கேள்வி புரிய வேண்டுமானால் மே பதினாறில் நான் எழுதாமல் விட்டதை எழுதியாக வேண்டும். 'குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை' என்று எழுதிய இடத்தில் நடந்தது இது.

எச்சில் டப்பாவைப் பார்த்துவிட்டு அக்கா, "எங்க, இங்கனயே இருமு" என்றார். நான் ஆரம்பித்தேன். சின்னது ஒன்று. சின்னது இன்னொன்று. கை விலாவுக்குப் போயிற்று. பெரியதற்கு மூச்சை இழுத்தேன். அக்கா உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினார்.

"போதும். பெரிய இருமல் இன்னும் வரல. அதுக்குள்ள கை எதுக்கு விலாவுக்குப் போச்சு?"

நான் கையைக் கீழே இறக்கினேன்.

"வலிக்கப் போவுதுன்னு உன் கைக்கு எப்படித் தெரியும்? அது நாள்பட வலிச்சவன் கை. உனக்கு ஒண்ணும் இல்ல, கன்னம் ரெண்டும் பணியாரம் மாதிரி இருக்கு. நீ எவரையோ பாத்துப் படிச்சிருக்க. யாரு?"

"யாருமில்லக்கா."

"நீ ஆய்வுக்காரங்க அனுப்புன ஆளு. கடுதாசி வந்துச்சு. அது கெடக்கட்டும். இந்த இருமல் யாரோடது?"

"யாருமில்லன்னு சொல்லுதேம்லா."

"சரி. அந்த யாருமில்லாதவரு எத்தன நாளா இருமுதாரு?"

"மாசியில இருந்து" என்று வாய் சொல்லிவிட்டது. இந்த வாயை வைத்துக்கொண்டுதான் நான் நடிகன்.

"மூணு மாசம்" என்றார். அவர் முகத்தில் கோபம் வந்திருந்தால் சமாளித்திருப்பேன். வரவில்லை. பேனாவை எடுத்து, "பேரு வேண்டாம். நம்பர் சொல்லு" என்றார். ரீகன் நம்பரைச் சொன்னேன். குறும்புக்காக என்று எழுதினேனே, அது பாதிப் பொய். பெயரைச் சொல்ல முடியவில்லை. சொன்னால் ரீகனுக்குத் தெரிந்துவிடும், அவன் அப்பாவின் நோயை நான் மூன்று மாதமாக வகுப்பிலும் வாசலிலும் நடித்துக் காட்டியது.

அவர் கனகராஜைத் தேடவே இல்லை. சூசை மாமாவைத்தான் தேடினார். உளுந்து டப்பாவும் தானாக விழவில்லை. இருபதுக்கு ஐந்து போட்டதும் மாட்டிக்கொண்ட ஆத்திரத்தில்தான்.

சனிக்கிழமைக்குத் திரும்புகிறேன். அக்கா சாப்பிடவில்லை. மொபெட்டில் பின்னால் என்னை ஏற்றிக்கொண்டார். வழி முழுக்க நான் மன்னிப்புக் கேட்க, அவர் "வலதா, இடதா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டு வந்தார்.

சூசை மாமா கட்டிலில் இருந்தார். "ஒண்ணுமில்லம்மா, பீடிச் சளி. பதினஞ்சு நாள்ல போயிரும்" என்றார். அக்கா நீட்டிய சளி டப்பாவைத் தொடவில்லை. "என்னால உங்களுக்கு என்ன தொந்தரவு? எவன் சொன்னான் எனக்கு இருமல்னு?"

நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ரீகன் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

சூசை மாமா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "எங்க, செஞ்சு காட்டு" என்றார்.

"மாமா, வேண்டாம் மாமா."

"பள்ளிக்கூடம் பூரா காட்டியிருக்க. எனக்குக் காட்ட மாட்டியால?"

செய்தேன். தட்டுகிற இரண்டு. விலாவில் கை. சுவரில் கை. பெரியது. துண்டு இல்லாததால் உள்ளங்கையைப் பார்த்தேன். என் வாழ்க்கையிலேயே மிகச் சிறந்த நடிப்பு. ஒருவரும் கைதட்டவில்லை.

"இப்படியா இருமுதேன்?" என்று மாமா மெதுவாகக் கேட்டார். ரீகனைப் பார்த்தார். அவன் ஆமென்று தலையை ஆட்டினான். "உள்ள இருந்து கேக்கும்போது இம்புட்டு மோசமாத் தெரியலியே."

கையை நீட்டி டப்பாவை வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்ததும் ரீகன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "எத்தன தடவல செஞ்ச?" நான் எண்ணத் தொடங்கினேன். எண்ணி முடிப்பதற்குள் அவன் உள்ளே போய்விட்டான்.

ஜூன் 5, வியாழன்

முடிவு வந்துவிட்டது. காசநோய்தான். ஆறு மாதம் மாத்திரை, அரசாங்கமே கொடுக்கிறது. ஒரு நாளும் விடாமல் போட்டால் சரியாகிவிடுமாம். போடுகிறாரா என்று பார்க்க மொபெட் வரும். அந்த மொபெட்டிடமிருந்து யாரும் தப்ப முடியாது, அனுபவத்தில் சொல்கிறேன். ரீகனுக்கும் அவன் அம்மாவுக்கும் பரிசோதனை செய்ததில் ஒன்றும் இல்லை.

ரீகன் இன்று காலை வாசலில் வந்து நின்றான். என் முகத்தைப் பார்க்காமல் கிரைண்டரைப் பார்த்துப் பேசினான். "ஏல கனகராஜு. பெல்ட்டு கீச்சுக் கீச்சுன்னுதாமே. தூக்கிட்டு வா. அப்பா படுத்துக்கிட்டே சொல்லுவாரு, நான் மாட்டுதேன்." என் பெயரை அவன் இன்னும் சொல்லவில்லை. கிரைண்டர் குழவியோடு சேர்த்து இருபது கிலோ. வாயே திறக்காமல் தூக்கிக்கொண்டு போனேன்.

மதியம் ஜெசிந்தா மேடத்திடம் போய் ஏழாம் எண் படிவத்தைத் திருப்பிக் கேட்டேன். காரணம் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மத்த பத்தும் உண்மையா?"

"உண்மை மேடம். அதுல யாரும் கண்டுபிடிக்கல."

"அந்த சிஸ்டர் கண்டுபிடிச்சிருந்தா எனக்கு எழுதியிருக்கணுமே? ஒரு வரிகூட எழுதலியே."

"அவங்களுக்கு நேரமில்ல மேடம். தேடிக்கிட்டு இருந்தாங்க."

மேடம் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாவு வாங்க வந்த அன்னைக்கு எனக்கும் கேக்கத் தோணலியே, இது யாரோட இருமல்னு" என்றார். பிறகு, "வெயில்ல நாலு மாவுக் கடை ஏறி இறங்கினதுக்கு மார்க் போட இதுல கட்டமே இல்ல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். நாளைக்குக் கூட்டத்தில் கடைசி இடம் என்று வாசிக்க மாட்டார். வேறு என்ன வாசிப்பது என்று யோசிக்கிறார். பழைய படிவத்தைக் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டு, புதிது ஒன்றை என் பக்கம் தள்ளினார். செல்லாத படிவம்தான், இருந்தாலும் ஒழுங்காக எழுது என்றார்.

எந்த டாக்டரும், எந்த நர்ஸும், எந்த வாட்ச்மேனும் கண்டுபிடிக்கவில்லை என்று இந்த நோட்டில் எட்டுப் பக்கத்துக்குப் பீற்றியிருக்கிறேன். கிழிக்கலாமென்று பார்த்தேன். பின்பக்கத்தில் அம்மாவின் அரிசிக் கணக்கு இருக்கிறது, கிழிக்க முடியாது. ஆகவே கீழே உள்ளதையும் இதிலேயே எழுதி வைக்கிறேன்.

ஏழாம் எண். கேள்வி பதினான்கு: நடிகர் கண்டுபிடிக்கப்பட்டாரா?

ஆம்.

கண்டுபிடிக்க ஆன நேரம்: இரண்டு இருமல். இரண்டும் சின்னது.